நாலாவது புள்ளி

பிப்ரவரி 1, சனி

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. டாக்டர் எபனேசருக்கு வருஷா வருஷம் நாலைந்து வரும், அதில் தடியானது எனக்கு. இந்தப் பல் ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது, வீட்டில் பத்தொன்பது டைரி இருக்கிறது. எதிலும் மார்ச்சைத் தாண்டி எழுத்து இல்லை. இந்தத் தடவை ஜனவரியே வெறும் தாளாகப் போய்விட்டது.

இன்று வேர் சிகிச்சை மூன்று பேருக்கு. ஐந்து மணிக்கு டாக்டர் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டார். ஸ்கூட்டரை எடுக்கவில்லை, நடந்தே போனார். இப்போதெல்லாம் நடைதான், சர்க்கரை குறையுமாம். ஸ்கூட்டர் ஆஸ்பத்திரி ஷெட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது.

அவர் போன கையோடு கரண்டும் போயிற்று. கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் ஓடவில்லை. எனக்கு ஆறு மணிக்கு ஒரு வேலை இருந்தது. ஃபைல்களை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு ஹைப்போ ஊற்றினேன். கரண்ட் வந்ததும் எடுக்கலாம் என்று இருந்தேன், வரவில்லை. பூட்டிவிட்டுப் போய்விட்டேன்.

ஃபைல் என்றால் ஊசி மாதிரிக் கம்பி. நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. எப்படி வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும், அதனால் வளைந்த வேருக்குள்ளும் போகும். மோட்டாரில் மாட்டிச் சுழலவிட்டு, வேருக்குள் இருக்கும் அழுகலைச் சுரண்டி எடுப்பார் டாக்டர். “அழுத்தக் கூடாது, அதுவா போகும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே செய்வார், பத்தொன்பது வருஷமாக அதே பாட்டு. ஒரு ஃபைலை நாலு பேருக்கு மேல் உபயோகிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். எண்ணுவது என் பொறுப்பு. ஒவ்வொரு ஆள் முடிந்ததும் கைப்பிடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பேன். நாலாவது புள்ளி விழுந்தால் குப்பை.

இன்று இரண்டு ஃபைலுக்கு நாலாவது புள்ளி விழுந்தது. திங்கட்கிழமை எறியலாம் என்று அதையும் அதே கிண்ணத்தில்தான் போட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஏழரைக்கே போய்விட்டேன். நல்லவேளை, எனக்கு முன்னால் யாரும் வரவில்லை.

கிண்ணத்துத் தண்ணீர் பழுப்பாக மாறியிருந்தது. ஹைப்போ என்று நாங்கள் சொல்வது வேறொன்றும் இல்லை, வெள்ளைத் துணிக்குப் போடும் ப்ளீச்தான், கொஞ்சம் கட்டியானது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். பத்து ஃபைலும் ஒன்றரை நாளாக ஊறியிருக்கிறது. கைப்பிடி சேரும் இடம் கறுத்துப்போய், கம்பியில் பளபளப்பே இல்லை. புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. பாலிஷ் உரிந்து கிண்ணத்தின் அடியில் மிளகாய்த் தோல் மாதிரிக் கிடந்தது.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நாலு புள்ளிக்காரன் எது, ஒரு புள்ளிக்காரன் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குத்துமதிப்பாக இரண்டை எறிந்தேன். மிச்சம் எட்டுக்கும் ஆளுக்கு இரண்டு புள்ளி வைத்தேன். சிவப்பு தீர்ந்திருந்தது, ரோஸ்தான் இருந்தது.

“கலர் மாறியிருக்கு” என்றார் டாக்டர்.

“சிவப்பு காலி சார்.”

“ரோஸும் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, மரத்துப்போகும் மருந்துப் பாட்டிலை என்னிடம் நீட்டினார். “இதைக் கொஞ்சம் திறந்து கொடு, புஷ்பம். இந்த மூடி என்ன இவ்வளவு இறுக்கம்?”

இறுக்கமாக இல்லை. சட்டென்று திறந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

வலது முட்டியில் தோல் உரிந்தது இன்னும் எரிகிறது. சுவரில் உரசிக்கொண்டது. வீட்டுக்காரர் கேட்டதற்குப் படி தடுக்கியது என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கஸ்பார் என்று ஒரு ஆள். முப்பத்தெட்டு வயது, சங்கு குளிக்கிறவர். படகில் கம்ப்ரெசர் ஓடும், அதிலிருந்து வரும் ட்யூபைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் கீழே இறங்குவார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மேலே இருக்கும்போது சும்மா இருக்கிறதாம், ஆழம் போனால் மண்டைக்குள் ஆணி இறங்குகிற வலியாம். “ட்யூபை விட்டுட்டுக் கத்தலாம்னு வருது டாக்டர். கடலுக்கடியில கத்துனா யாருக்குக் கேக்கும்?” என்றார். மூன்று வாரமாக இறங்கவில்லை. சீசன் போகிறது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

முதல் வேர் நன்றாக முடிந்தது. இரண்டாவது வேரில் மூன்றாவது ஃபைல் போகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். சுண்டுவிரல் நகம் ஒடியும் சத்தம்தான். ஆனால் எனக்கும் டாக்டருக்கும் அது என்னவென்று தெரியும். டாக்டர் மோட்டாரை நிறுத்தி ஃபைலை வெளியே எடுத்தார். நுனி இல்லை.

எக்ஸ்ரேயில் வேரின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

மறைக்கிற வழக்கம் டாக்டருக்குக் கிடையாது. நாற்காலியை நிமிர்த்தி, கஸ்பாரிடம் எக்ஸ்ரேயைக் காட்டினார். “உள்ள ஒரு துண்டு ஒடிஞ்சு மாட்டிக்கிட்டு. மூணு மில்லிமீட்டர்.”

கஸ்பார் பார்த்தார். “குருணை அளவு.”

“ஆமா. அது கெடந்தாகூட ஒன்னும் செய்யாது. ஆனா அதுக்குக் கீழ இன்னும் சுத்தம் பண்ணல. அது பண்ணாம கடலுக்குள்ள இறங்கினா வலி திரும்ப வரும்.”

“அப்ப பல்லு?”

“எடுக்காம முடிக்கத்தான் பாக்கேன்.”

அந்தப் பல்தான் ட்யூபைக் கடிக்கிற பல் என்று கஸ்பார் சொன்னார்.

அவர் போன பிறகு டாக்டர் கையுறையைக் கழற்றி, ஈரம் பட்டதுபோல் வலது கையை உதறி உதறி விட்டுக்கொண்டார். ஒடிந்த ஃபைலை நான் எறிய எடுத்தேன். “வை, அதை எறியாத” என்று சொல்லி, ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். எதற்கு வைக்கிறார்?

பிப்ரவரி 7, வெள்ளி

டாக்டர் இன்று முழுக்கப் பேசவில்லை. வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை இரண்டு தடவை கீழே போட்டார். என்மேல் கோபம் என்றுதான் நினைக்கிறேன். கேட்டால் சொல்லிவிடலாம், அவர் கேட்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை இருநூறு அடிதான். அதற்கே எனக்கு மூச்சு வாங்கியது.

பிப்ரவரி 8, சனி

சாயங்காலம் போகவில்லை. அடுத்த தெரு ஜாஸ்மின் போன் செய்து, “எக்கா, நீங்க வராம நான் ரோட்டுல தனியா நிக்கேன்” என்றாள். தலைவலி என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

கஸ்பார் வந்தார். கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தது. டாக்டர் கையால் திருப்புகிற மெல்லிய ஃபைலை வைத்து, துண்டுக்குப் பக்கமாக வழி தேடினார். முக்கால் மணி நேரம். நெற்றி வேர்வையை நான் மூன்று தடவை துடைத்துவிட்டேன். வழி கிடைக்கவில்லை. கடைசியில் ஃபைலை வைத்துவிட்டு, “என்னால முடியல” என்றார். இந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

திருநெல்வேலியில் டாக்டர் நஸீமா என்று ஒருவர் மைக்ராஸ்கோப் வைத்துத் துண்டை எடுப்பாராம். வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார். அங்கு ஆகிற செலவெல்லாம் தன் பொறுப்பு என்றும் சொன்னார்.

டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைக் கொடுக்க நான் வெளியே வந்தேன். கஸ்பார் செருப்பைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

“எக்கா, கம்பி பழசா?”

“இல்ல தம்பி. எல்லாம் நல்ல கம்பிதான்.”

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நம்பிவிட்டார். சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மிச்சம் ஏழு ஃபைலையும் டாக்டரின் பெரிய லென்சில் வைத்துப் பார்த்தேன். கைப்பிடி ஓரத்தில் பொடிப்பொடியாகக் குழி. இந்த ஊர் உப்புக் காற்றில் ஆஸ்பத்திரி சன்னல் கம்பி இப்படித்தான் ஆகும். நான் வந்த பிறகு ஐந்து தடவை மாற்றியாயிற்று. கம்பியை உப்பு தின்றது. ஃபைலை நான் அல்லவா தின்னக் கொடுத்தேன்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 12, புதன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம், ஆள் இல்லாத நேரம். டாக்டர் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸ் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாங்கி மூடிக் கொடுத்தேன்.

“சார், ஒன்னு சொல்லணும்.”

“உக்காந்து சொல்லு.”

“நின்னுக்கிட்டே சொல்லுதேன்.”

கரண்ட் போனது, ஹைப்போவில் போட்டது, ஒன்றரை நாள் ஊறியது, புள்ளி உரிந்தது, குத்துமதிப்பாக எறிந்தது, ரோஸ் புள்ளி, எல்லாவற்றையும் சொன்னேன். கஸ்பார் கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை தெரியாது என்பதைச் சொல்லவில்லை, அழுகை வந்துவிட்டது.

“அன்னைக்கு அப்படி என்ன அவசரம்?”

அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. “ஸ்கூட்டர் ஓட்டப் படிக்கேன் சார். சனிக்கிழமை ஆறு மணிக்கு. ஜாஸ்மின் சொல்லித்தாரா. நாப்பத்தேழு வயசுல இது என்ன கூத்துன்னு சிரிப்பாவன்னு வீட்டுல யாருட்டயும் சொல்லல. அன்னைக்குத்தான் முதல் நாள் தனியா ஓட்டினேன், சுவர்ல கொண்டு மோதினேன்.”

டாக்டர் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தார். ஒடிந்த ஃபைலை லென்சுக்கு அடியில் வைத்து, “வா, பாரு” என்றார்.

“கைப்பிடி ஓரம் கறுத்திருக்கா? அது உன் ஹைப்போ. ரெண்டு வேற வேற உலோகம் சேருற இடம், அங்கதான் முதல்ல அரிக்கும். ஒடிஞ்சது அங்கயா?”

“இல்ல சார். நுனியில.”

“நுனிக்கு மேல திருகு எப்படி இருக்கு?”

பார்த்தேன். நெருக்கமாக இருக்க வேண்டிய திருகு, அந்த இடத்தில் மட்டும் பிரிந்து நீண்டிருந்தது. முறுக்கிய கயிற்றை எதிர்ப்பக்கம் திருப்பினால் பிரியுமே, அந்த மாதிரி.

“பழசாகி ஓஞ்சுபோய் ஒடிஞ்சா இப்படிப் பிரியாது, பட்டுன்னு போயிரும். இது நுனி மாட்டிக்கிட்ட பொறவும் மேல இருந்து அமுக்குனதுல ஒடிஞ்சது. அமுக்குனது யாரு?”

அவர் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தார்.

“இந்த மூணு விரலும் நாலு மாசமா மரத்துப்போச்சு. ஃபைல் எங்க பிடிக்கு, எங்க விடுதுன்னு கைக்குத் தெரியணும். எனக்குத் தெரிய மாட்டேங்கு. தெரியலன்னு இன்னும் கொஞ்சம் அமுக்குதேன். ஆறு நாளா இதை உங்கிட்ட சொல்லணும்னு வாயெடுக்கேன், வரல. நீ என்னடான்னா எனக்கு முன்னால வந்து நிக்க.”

பாட்டில் மூடி, டிபன் மூடி, கண்ணாடி, கையுதறல், தூசி பிடித்த ஸ்கூட்டர். எல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். என் பயத்தில் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

“அப்ப எம்மேல தப்பு இல்லயா சார்?”

“அப்படி யார் சொன்னா?” குரல் கொஞ்சம் ஏறியது. “குழி விழுந்த கம்பிக்குப் பலம் குறையத்தான் செய்யும். நாலு ஆள் பாத்ததா அஞ்சாவது ஆள் பாத்ததான்னு தெரியாத கம்பியை எங்கையில கொடுத்திருக்க. உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவுன்னு எந்த லென்சும் காட்டாது. ஹைப்போல மறந்து போட்டது மறதி. புள்ளி வச்சது மறதி இல்ல.”

சரிதான். திட்டு வாங்கினேன், மனசு லேசாக இருந்தது. ஏழு ஃபைலையும் நானே எறிந்தேன். பிறகு டாக்டர், “சுவர் என்னாச்சு?” என்று கேட்டார். எந்தச் சுவர் என்றேன். “நீ மோதுன சுவர்” என்றார். அப்போதுதான் சிரித்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

கஸ்பாரை வரச்சொல்லி, டாக்டர் தன் கையைப் பற்றிச் சொன்னார். நான் ஃபைலைப் பற்றிச் சொன்னேன்.

கஸ்பார் டாக்டரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். “எக்கா, அன்னைக்குக் கேட்டேன்லா.”

“கேட்ட தம்பி. நான்தான் பொய் சொன்னேன்.”

“இல்லன்னு முகத்தைப் பாத்துச் சொன்னியள.”

அவர் எழுந்து வெளியே போனார். அவ்வளவுதான், போய்விட்டார் என்று நினைத்தேன். வாசல் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தார்.

“நாங்க கீழ இறங்கையில படகுல ஒருத்தன் ட்யூபைப் பாத்துக்கிடணும். ஒரு நாள் ஒருத்தன் கண்ணசந்துட்டான். ட்யூப் மடங்கிப்போச்சு. நான் தப்பிப் பிழைச்சு மேல வந்தேன். கண்ணசந்துட்டேன்னு அவனே சொன்னான். இன்னைக்கும் அவன்தான் எனக்கு ட்யூப் பிடிக்கான். சொல்லாம இருந்தா அன்னைக்கே கரையில எறக்கி விட்டிருப்பேன்.” பிறகு என்னிடம், “நாளைக்குத் திருநெல்வேலிக்கு நீங்களும் வாங்க” என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

துண்டு வந்துவிட்டது.

டாக்டர் நஸீமாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை உள்ளே நிற்க அனுமதித்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அதிர்கிற ஊசி ஒன்றால் துண்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே இருந்தார். ஐம்பது நிமிஷம். நான் வேண்டாத சாமி இல்லை, மாதாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். திடீரென்று தண்ணீரோடு சேர்ந்து மேலே வந்தது. பஞ்சில் வைத்துக் காட்டினார். கீழே இருந்த வேரையும் சுத்தம் செய்துவிட்டார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கஸ்பார் மரத்துப்போன வாயோடு அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்தார். “இதுக்கா நீங்க ரெண்டு பேரும் இந்தப் பாடு பட்டிய?” என்றார். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

டாக்டருக்கு போன் செய்தேன். “பஸ்ல சன்னல் ஓரமா உக்காந்து வா” என்றார்.

பிப்ரவரி 19, புதன்

மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம் டாக்டருக்கு. சின்ன ஆபரேஷன்தான், விரல் பழையபடி ஆகிவிடும் என்று சொன்னார்களாம். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவர் தனக்கென்றதும் நாலு மாசம் ஓடி ஒளிந்திருக்கிறார். கை சரியாகும்வரை வேர் சிகிச்சை எல்லாம் டாக்டர் நஸீமா சனிக்கிழமை வந்து பார்ப்பார். இனிமேல் பாலிஷ் கிடையாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனிப் பை, பையில் தேதி. நான் சொன்ன யோசனை.

மார்ச் 3, திங்கள்

போன வாரம் கஸ்பாரின் வேரை அடைத்து, பல்லுக்கு உறையும் போட்டாயிற்று. இன்று பதினொரு மணிக்கு போன் வந்தது. பின்னால் கம்ப்ரெசர் இரைச்சல்.

“எக்கா, இறங்கிட்டு வந்துட்டேன். ஒன்னுமே செய்யல.”

“எவ்வளவு ஆழம் தம்பி?”

“ட்யூப் தீருற மட்டும்.”

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அழாத, நோயாளி பயந்துருவாரு” என்றார். அவர் கண்ணும் சரியில்லை.

மார்ச் 5, புதன்

லைசென்ஸ் கிடைத்தது. எட்டுப் போடச் சொன்னார்கள், காலை ஊன்றாமல் போட்டேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “படி தடுக்குச்சுன்னு சொன்னியே” என்றார்.

மார்ச் 8, சனி

இன்று டாக்டருக்கு ஆபரேஷன். டாக்டரின் மனைவி, மகளின் பிரசவத்துக்காக பெங்களூரில் இருக்கிறார். ஆட்டோவுக்கு போன் போடவா என்று கேட்டேன்.

“எதுக்கு? என் வண்டி சும்மாதான கெடக்கு.” சாவியை மேசையில் வைத்தார். “ஆக்சிலேட்டரைத் திருக என் கை ஆகாது. உன் கை ஆகும்லா?”

பழைய துணியால் தூசியைத் துடைத்து வெளியே எடுத்தேன். பின்னால் உட்கார்ந்தார். ஆள் பயந்துதான் இருந்தார். ஆபரேஷனுக்கா, என் ஓட்டலுக்கா, தெரியாது. பஸ்காரன் ஹாரன் அடித்ததும் நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி துள்ளியது.

காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது.

“அழுத்தாத, புஷ்பம். அதுவா போகும்.”

பிடியைத் தளர்த்தினேன். வண்டி அதுவாகப் போனது.